ஆறுக்கு அடுத்தது எட்டு

ஜனவரி 9

கம்பிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்று தெரியும். பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்கத் தொலைபேசிக் கம்பி இழுத்தே பெயர் வாங்கியவன், சொந்த வீட்டில் மணி அடித்தால் எழுந்து போக மாட்டேன் என்கிறாய். எனக்கும் இடது காது போய்விட்டது. ஆகவே கடிதம். ஆறு வருஷம் கழித்து நானே முதலில் எழுதுகிறேன். வேண்டுமானால் இதை உன் வெற்றியாக வைத்துக்கொள்.

உன் அண்ணி போன வருஷம் இறந்துபோனாள். உனக்குச் சொல்லி அனுப்பினேன், நீ வரவில்லை. அதைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே எழுதிவிட்டேன் பார்.

அவள் போன பிறகு நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. பல் தேய்ப்பதற்குக்கூட யாராவது சொல்ல வேண்டியிருந்தது. மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மாத்திரையோடு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி, முன்னாள் படைவீரர் சங்கக் கூடம், கூட்டு உடற்பயிற்சி. "எனக்கு வலி முட்டியில இல்ல டாக்டர்"ன்னேன். "தெரியும். அதனாலதான் அங்க அனுப்புறேன்"ன்னார்.

பதினோரு கிழவர்கள். எல்லாருக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ரப்பர் பட்டை. மஞ்சள் பட்டை சுலபம், பச்சை கடினம். முதல் நாளே எல்லாரும் பச்சைதான் வேண்டும் என்று அடம் பிடித்தோம். மறுநாள் ஒருத்தனாலும் சட்டை மாட்ட முடியவில்லை. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் பேத்தி வயது இருக்கும், டீச்சர் என்று கூப்பிடுகிறோம். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னாள். ஒருத்தனும் கதவுக்கு முதுகு காட்டி உட்காரத் தயாரில்லை. பதினோரு பேரும் சுவரை ஒட்டியே நின்றோம். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தன் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். "யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரணும். இப்ப உட்காருங்க"ன்னா. உட்கார்ந்தோம்.

மூன்றாவது நாள், பழைய டேங்க் ஓட்டி ஒருவன், யாரும் கேட்காமலே "ஒன்று" என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவன் "இரண்டு." அப்படியே சுற்றி வந்தது. நான் ஆறு சொன்னேன். என் பக்கத்தில் இருந்தவன் "ஏழு" என்றான். வெளியே குழாயடியில் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து, நீயும் கூட இருந்த அந்த நாளின் கதையை அவர்களிடம் சொன்னேன். ஒரு மேட்டில் பத்துப் பேர் காவல் இருந்தோம், நான்தான் தலைவன். விடிந்ததும் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. நீட்டின கை தெரியாத பனிமூட்டம். குண்டுகள் கிட்டே கிட்டே விழுந்தன. எல்லாரையும் லாரியில் ஏற்றி எண் சொல்லச் சொன்னேன். பத்தும் வந்தது, வண்டியை எடுக்கச் சொன்னேன். எட்டு மைல் தாண்டி இறங்கிப் பார்த்தால் ஒன்பது பேர். ஏழாம் எண் இல்லை. இருபத்தொரு வயசுப் பையன், எப்போது பார்த்தாலும் தூங்கி வழிவான், கொட்டாவி என்றுதான் கூப்பிடுவோம். திரும்பிப் போக மேலிடம் விடவில்லை. மூன்று நாள் கழித்து அவனை எடுத்து வந்தார்கள். ஏழு என் காதில் விழுந்தது என்று விசாரணையில் சொன்னேன். வேறு யாருக்கும் விழவில்லை. கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். சரியாகத்தான் எழுதினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனால் என் பக்கத்து நாற்காலி காலி. எண் சொல்லும்போது ஆறுக்கு அடுத்தது எட்டு என்று போனது. யார் ஏற்பாடு செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வந்து அழுதேன். அண்ணி இறந்தபோதுகூட வராத அழுகை.

ஆறு வருஷத்துக்கு முன் நம் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடிய படைக்கூடலில், கொட்டாவியைக் கொன்றது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனவன்தான். அவன் உனக்கு உயிர் நண்பன். நீ என்னை மன்னிக்கவில்லை, அது உன் உரிமை. ஆனால் உன் ஊரிலும் இப்படி ஒரு வகுப்பு நடக்கிறதாம், விசாரித்துவிட்டேன். போ. உன்னைப் பற்றிக் காதில் விழுவது எதுவும் நன்றாக இல்லை. இதை உத்தரவாக எடுத்துக்கொள்.

அண்ணன்


ஜனவரி 24

அண்ணே,

கடிதம் கிடைத்தது.

அண்ணி இறந்த செய்தி வந்ததும் பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். டிக்கெட்கூட எடுத்தேன். பஸ் கிளம்பும்போது இறங்கிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கிழவர்கள் ரப்பர் இழுப்பதற்கு உத்தரவு வேறு போடுகிறீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மாடியில் ஒரு அறை. கீழ்வீட்டில் ஒரு தையல்கார அம்மா, மிஷின் சத்தம் நின்றால் மணி ஏழு என்று தெரிந்துகொள்வேன். என் வீட்டுக்காரி மகள் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது உதவிக்குப் போனவள்; அவன் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டான். என்னோடு குடித்தனம் நடத்துவது சுவரோடு நடத்துவது மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனாள். சுவராவது திருப்பிக் குரல் கொடுக்கும் என்றும் சொன்னாள். அவள் மேல் தப்பு இல்லை.

ரேடியோ பழுது பார்ப்பதை விட்டுவிட்டேன். சில நாள் காலையில் கண் விழித்ததும், ஏன் விழித்தோம் என்று இருக்கும். அவ்வளவுதான். எல்லாருக்கும் இருப்பதுதானே.

நான் உங்களை மன்னிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். கை வரவில்லை.

கம்பி


ஜனவரி 29

கம்பிக்கு,

"கை வரவில்லை" என்று எழுதுவதற்கு மட்டும் கை வந்ததா? எழுதுகிறவன் முழுசாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பாதிக் கம்பி இழுத்தால் பேச்சு போகுமா?

ஏன் விழித்தோம் என்று எல்லாருக்கும் இருக்கும் என்கிறாய். எங்கள் வகுப்பில் ஒரு சமையல்காரர் இருக்கிறார், நானூறு பேருக்குப் பொங்கிப் போட்டவர். இரண்டு மாதம் வாயே திறக்காமல் இருந்தார். போன வெள்ளிக்கிழமை ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. அவர் சாய்ந்து டேங்க்காரன் மேல் விழ, அவன் என் மேல் விழ, மூன்று பேரும் தரையில். டீச்சர் பயந்து ஓடி வந்தால் சமையல்காரர் படுத்தபடியே சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் அதே குரலில் சொன்னார்: "போன மாசம் கயிறு வாங்கி வச்சிருந்தேன். செவ்வாக்கிழமை இங்க வரணுமேன்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துடுச்சு." டேங்க்காரன் அவரோடு வீட்டுக்குப் போய் அந்தக் கயிற்றை வாங்கி வந்தான். இப்போது அதில்தான் பாய்களைச் சுருட்டிக் கட்டுகிறோம்.

நீயும் தள்ளிப்போடு. வாரத்துக்கு ஒரு நாள் எங்கேயாவது போக வேண்டும் என்று இருந்தால் போதும். போ.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணே,

போனேன். நூலகத்துக்குப் பின்னால் ஒரு கூடம், எட்டுப் பேர். சொல்லிக்கொடுப்பவர் வயதான விளையாட்டு வாத்தியார். இரண்டு வாரம் கையைத் தூக்கினேன், காலைத் தூக்கினேன். பொய் சொல்ல மாட்டேன், திரும்பி வரும் வழியில் பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

மூன்றாவது வாரம் அவரும் எண் சொல்லச் சொன்னார். பட்டாளத்துக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருப்பார் பாவம். எனக்கு விழுந்தது ஏழு. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த எண்ணை மறுபடி சொல்லிவிட்டேன் அண்ணே.

இதற்கு முன் கடைசியாகச் சொன்னது அந்த லாரியில். உங்கள் காதில் ஏழு விழுந்தது நிஜம். சொன்னது நான்.

காலை அணிவகுப்பில் கொட்டாவி எழுந்து வராத நாளெல்லாம் அவன் எண்ணை நான்தான் சொல்வேன். குரலைக் கொஞ்சம் மூக்கில் எடுத்தால் அவன் குரல்தான். செக்‌ஷனில் பாதிப் பேருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு லாரி மூலையில் போர்வைக்குள் ஒரு உருவம் சுருண்டு கிடந்தது. பனியில் முகம் தெரியவில்லை. காலால் தட்டினேன், மெத்தென்று இருந்தது. ஏறினதும் தூங்கிவிட்டான் பார் என்று சிரித்துக்கொண்டேன். நீங்கள் எண் கேட்டீர்கள். அவன் திட்டு வாங்கக் கூடாது என்று ஏழு சொன்னேன். அடுத்து என் எண்ணையும் சொன்னேன். எட்டு நான்தான்.

அது ஆள் இல்லை. துணி மூட்டை.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். குண்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். வெளியே வந்ததும் நீங்கள் என் தோளில் கை போட்டு, "விடுடா, எனக்குத்தான் காது கோளாறு" என்றீர்கள். அந்தக் கையின் கனம் நாற்பத்தொரு வருஷமாக இறங்கவில்லை.

படைக்கூடலில் எழுந்து போனது உங்கள் மேல் கோபத்தால் அல்ல. இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லப் பயந்து போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கினதும் அதனால்தான். அண்ணி முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது முழுக் கம்பியும் இழுத்துவிட்டேன்.

கம்பி


மார்ச் 2

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

கொட்டாவிக்காக நீ எண் சொன்னதை நான் ஒருவேளை பொறுத்துக்கொள்வேன். அந்த வயதில் நானும் நண்பனுக்காகப் பொய் சொன்னவன்தான். விசாரணை அறையில் நீ வாயை மூடிக்கொண்டு நின்றாயே, அதை எதில் சேர்ப்பது? என் காதையே நான் நம்பாமல் வாழ்ந்தேன்டா. கடைத்தெருவுக்குப் போனால் பிள்ளைகளை எண்ணுவேன். இரண்டே இரண்டு பிள்ளைகள். எண்ணி முடித்ததும், சரியாக எண்ணினோமா என்று மறுபடி எண்ணுவேன். கல்யாண வீட்டுப் பந்தியில் நின்று எண்ணியிருக்கிறேன். கணக்குப்பிள்ளை என்று தெருவே கேலி செய்தது. என் மகன், "அப்பா, நான் இங்கதான் இருக்கேன், விடுங்க"ன்னு கத்திவிட்டு ஒரு நாள் வீட்டை விட்டே போனான். இன்றும் வருஷத்துக்கு ஒரு முறைதான் வருகிறான்.

உன் அண்ணி ஒருத்திதான், "உங்களுக்குக் கேட்டுச்சுன்னா கேட்டுச்சுதான்"னு கடைசிவரை சொன்னவள். அவளை நான் நம்பவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வேன்?

எனக்கு எழுதாதே.


மார்ச் 10

வந்தேன். ரப்பர் பட்டை, மஞ்சள்.

எழுதாதே என்றீர்கள். இது கடிதம் இல்லை, அட்டை. வருகைப் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி


மார்ச் 17

வந்தேன். வாத்தியார் கேட்டதற்கு, எட்டுதான் வேண்டும் என்றேன். கொடுத்தார்.

கம்பி


மார்ச் 24

வந்தேன். அன்று லாரியில் நடந்ததை இங்கே ஏழு பேரிடம் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் இருந்தார்கள்.

உங்கள் பழைய அதிகாரிகளில் இருவர் உயிரோடு இருக்கிறார்கள். இருவருக்கும் எழுதிப் போட்டேன். உங்களுக்குக் கேட்டது சரி என்று.

கம்பி


மார்ச் 31

வந்தேன். எழுந்து போனவர் இன்று திரும்பி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கம்பி


ஏப்ரல் 7

வந்தேன். வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். நான்தான் செய்தேன், அண்ணே. "யாரு?"ன்னு கேட்டா. "சுவரு பேசுறேன்"னேன். ரொம்ப நேரம் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

கம்பி


ஏப்ரல் 25

கம்பி,

போன வாரம் அட்டை வரவில்லை. தபால் தாமதம் என்று நினைத்தேன். இந்த வாரமும் இல்லை. தபால்காரரிடம் சண்டை போட்டேன். அவர் பையைக் கவிழ்த்தே காட்டிவிட்டார்.

உன் அட்டைகள் ஐந்தையும் தேதிவாரியாக மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பதில் போடவில்லை. உனக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்றுதான் போடவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். வலி அளவுக்கு மீறிவிட்டதா, கம்பி? என் மௌனத்தை நீ தப்பாக எடுத்துக்கொண்டாயா? சமையல்காரரின் கயிறு என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

என் தப்பு ஒன்றும் இருக்கிறது, அதை உனக்கு எழுதவே இல்லை. எண்ணிக்கையைக் காதால் வாங்காதே, கண்ணால் வாங்கு என்றுதான் எனக்குப் பாடம். நான் லாரிக்குள் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்க வேண்டும். குண்டுக்குப் பயந்தேன். நீ கொடுத்தது வெறும் குரல்தான். அது போதும் என்று வண்டியை எடுக்கச் சொன்னவன் நான்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாவின் எண் என்னிடம் இல்லை. நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்று தெரிந்தும் எழுதுகிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நான் கதவைத் தட்டும்போது நீயே குரல் கொடு. உனக்காக வேறு யாரும் குரல் கொடுக்கக் கூடாது.

அண்ணன்


மே 5

கம்பிக்கு,

இதை வார்டு நர்ஸம்மா உனக்குப் படித்துக் காட்டுவார். நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அலுத்தால் கண்ணை மூடிக்கொள்.

உன் கதவை எத்தனை முறை தட்டினேன் தெரியுமா? கீழே மிஷின் சத்தம் நின்றது. தையல்கார அம்மா படியேறி வந்து, "நீங்கதான் அண்ணனா?"ன்னு கேட்டார். பதினான்காம் தேதி காலை நீ படிக்கட்டில் விழுந்து கிடந்ததை அவர்தான் பார்த்தாராம். ஒரு காலில் ஷூ, மற்றது கையில். வகுப்புக்குக் கிளம்பியிருக்கிறாய். உன் சட்டைப்பையில் இருந்த அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். அன்றைய தேதி போட்டு, "வந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். போவதற்கு முன்னாலேயே வந்தேன் என்று எழுதி வைத்திருக்கிறாய், திருட்டுப் பயலே. அந்தப் புத்தி உன்னை விட்டு இன்னும் போகவில்லை. அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

நீயாக எதுவும் செய்துகொள்ளவில்லை, மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்காக வெட்கப்படுகிறேன். பேச்சு திரும்புவது சந்தேகம் என்று அவர் சொன்னது அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

மன்னித்துவிட்டேன் என்ற ஒரு வார்த்தையை பஸ்ஸில் வழி முழுக்க வாயில் வைத்துக்கொண்டு வந்தேன். உன் படுக்கைப் பக்கத்தில் நின்றதும், "ஏண்டா ஷேவ் பண்ணல?" என்றுதான் வந்தது. நீ வாயைத் திறந்தாய். காற்றுதான் வந்தது. அந்த மூக்குக் குரல்கூட இல்லை. உன் வீட்டுக்காரி கால்மாட்டில் உட்கார்ந்து உன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன உறவு என்று நர்ஸம்மா கேட்டார். கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் என்று எழுதச் சொன்னேன். மூன்று நாளும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டிய பாக்கி எனக்கு நிறைய இருந்தது.

மகள் வற்புறுத்தியதால் ஊருக்கு வந்தேன். இன்று காலை வகுப்பு. எண் சொன்னார்கள். நான் ஆறு சொன்னேன். காலி நாற்காலி, இன்று அதில் கொட்டாவி இல்லை, நீதான் தெரிந்தாய். எட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், "ஏழு" என்றேன். எனக்கே தெரியாமல் வந்தது, கொஞ்சம் மூக்கில் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் மெதுவாக, "அங்க யாரும் இல்லையே அய்யா"ன்னா. "ஆஸ்பத்திரியில இருக்கான்மா. அவன் வர்ற வரைக்கும் நான் சொல்றேன்"னேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நண்பன் இல்லாத இடத்தில் அவன் எண்ணை யாரும் அழித்துவிடக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் முந்திக்கொள்கிறது. லாரியில் உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இது புரிய எனக்கு நாற்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது. டேங்க்காரன் என் தொடையில் தட்டி, "சரி, கணக்கு நேராயிடுச்சு, கையைத் தூக்கு"ன்னான். தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன். மஞ்சள் பட்டை ஒன்று டீச்சர் கொடுத்திருக்கிறாள். உன் அசையாத வலது கையில் சுற்றி நானே இழுத்துவிடுகிறேன்.

நர்ஸம்மா, படித்து முடித்ததும் எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அவன் ஏதாவது சொன்னானா என்று நான் கேட்கவில்லை. முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

அண்ணன்